கொடையும் ஊரார் பங்கும்

கொடை என்றவுடன் வள்ளலையே நாம் எண்ணுகிறோம். பெற்றுக்கொண்டோர் கொடுத்ததை எண்ணுவதில்லை.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் அரசாங்கப் பணம் வெள்ளையர் பள்ளிகளுக்கே பெரிதும் சென்ற காலம் அது. 1912-ஆம் ஆண்டில் சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டனின் வேண்டுகோட்கிணங்கி, அலபாமாவில் கறுப்பினச் சிறார்க்காக 6 பள்ளிகள் எழப் பொருளுதவினார்.

அவ்வுதவிக்கு நிபந்தனை ஒன்றுண்டு: ஊராரும் தம் பங்கைத் திரட்டவேண்டும், அரசாங்கமும் பொறுப்பேற்கவேண்டும். குத்தகை உழவர் பருத்தி விற்ற காசை ஈந்தனர். காசில்லாதார் மரமும் உடலுழைப்பும் நல்கினர். 1932-க்குள் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. ரோசன்வால்ட் நிதி அளித்தது சுமார் 43 இலட்சம் டாலர். கறுப்பின மக்கள் திரட்டியதோ சுமார் 47 இலட்சம். பள்ளிகளுக்கு வழங்கிய பெயர் வள்ளலுடையது. வறியோர் தந்த தொகையோ அதனினும் பெரிது!

இதில் மறைந்துள்ள அநீதியையும் நாம் காணவேண்டும். வரி செலுத்திய மக்களே தம் குழந்தைகளின் பள்ளிக்காக மீண்டும் கொடுக்க நேர்ந்தது. கொடை அக்குறையைத் தணித்தது, நீக்கவில்லை. நிறுவியவர் விருப்பப்படியே அந்நிதி தன் பொருளனைத்தையும் செலவிட்டு 1948-இல் முடிவுற்றது. பள்ளிகளில் இனப்பிரிவினை அரசியல் சட்டத்திற்கு முரணானது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல். கொடையால் பள்ளி எழுந்தது. உரிமைக்கோ வழக்காட வேண்டியிருந்தது.