லயத்துக்கு வந்த குரல்

பதுளைக்குப் புகையிரதம் 1924இல் வந்தது; மறு ஆண்டு டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கிற்று. ஊவாத் தோட்டத்து லயங்களில் வானொலிப் பெட்டி அருமை. ஒன்றன் குரலைப் பலர் பகிர்ந்தனர்.

ஒரு பெட்டியோடு பல ஒலிபெருக்கிகளைப் பூட்டவும் நியதி உண்டு. 8 ஓம் கொண்ட இரண்டைத் தொடராக இணைத்தால் 16 ஓம். சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம். தடை குறையக் குறையப் பெட்டியின் சுமை ஏறும். அளவு மீறின் கருகும்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர்; எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னைக்கு. அவர்களைக் கேட்டவர் இல்லை. ஒலிபெருக்கிக் கம்பி நூறு செவிக்குச் சேதி கொணரும். ஒரு மறுமொழியையேனும் கொண்டு செல்லாது.