தொலைக்காட்சி விவாதமும் மறுநாள் கூட்டமும்: அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல்கள்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிடும் வேட்பாளர்கள் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதிக்கும் வழக்கம் 1960-இல் தொடங்கியது. விவாதம் முடிந்த மறுநாளே வேட்பாளர் ஏதேனும் ஒரு நகரில் தம் ஆதரவாளர்களைத் திரட்டிக் கூட்டம் நடத்துவதும் அதனுடன் சேர்ந்து வளர்ந்த வழக்கமாகும். விவாதத்தில் வென்றவர் அந்த வேகத்தைத் தக்கவைக்கக் கூட்டம் நடத்துகிறார். சறுக்கியவர் சோர்ந்த தொண்டர்களை நிமிர்த்தக் கூட்டம் நடத்துகிறார். 1960, 2012, 2024 ஆகிய மூன்று தேர்தல்கள் இக்கூட்டங்களின் ஆற்றலையும் எல்லையையும் காட்டுகின்றன.

1960: ஒகையோவில் பெருகிய கூட்டம்

முதல் விவாதம் 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் நடைபெற்றது. ஜனநாயகக் கட்சியின் ஜான் எஃப். கென்னடியும் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சனும் பங்கேற்றனர். ஏறத்தாழ 7 கோடிப் பேர் அதைப் பார்த்தனர். முழங்கால் நோய்த்தொற்றுக்காக மருத்துவமனையில் இருந்து மீண்டிருந்த நிக்சன் திரையில் மெலிந்தும் களைத்தும் காணப்பட்டார்.

மறுநாள் கென்னடி ஒகையோ மாநிலத்தின் வடபகுதியில் சுற்றுப்பயணம் செய்தார். அங்கே திரண்ட கூட்டம் முந்தைய வாரங்களில் கண்டதைவிடப் பெரிதாகவும் ஆரவாரம் மிக்கதாகவும் இருந்ததை உடன்சென்ற செய்தியாளர்கள் பதிவு செய்தனர். செய்தித்தாள் படமாக அறியப்பட்டவர் ஒரே இரவில் வீட்டுக்குள் வந்து பேசியவராக மாறியிருந்தார். ஆனால் நவம்பரில் கென்னடி நாட்டளவில் வென்றபோதும் ஒகையோ மாநிலம் நிக்சனுக்கே வாக்களித்தது. கூட்டம் ஆர்வத்தை அளக்கும்; வாக்குகளை அளக்காது என்பதற்கு இது தொடக்கக் காலச் சான்று.

2012: டென்வரும் மேடிசனும்

2012 அக்டோபர் 3 அன்று டென்வர் பல்கலைக்கழகத்தில் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமாவும் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னியும் விவாதித்தனர். ஒபாமா உற்சாகமின்றிக் குனிந்து குறிப்பெடுத்தபடி இருந்தார். விவாதத்தைப் பார்த்தவர்களிடம் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் 72 விழுக்காட்டினர் ராம்னியே சிறப்பாகச் செய்தார் என்றனர். ஒபாமாவைச் சொன்னவர்கள் 20 விழுக்காடு மட்டுமே.

மறுநாள் காலை டென்வரிலேயே ஒரு பூங்காவில் ஒபாமா கூட்டம் நடத்தினார். முந்தைய இரவு மேடையில் கண்டவர் ராம்னி என்று சொல்லிக்கொண்ட வேறு யாரோ ஒருவர் என்று அவர் கேலி செய்தார். பொதுத் தொலைக்காட்சிக்கான அரசு நிதியை நிறுத்துவதாக ராம்னி கூறியிருந்ததால், குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் பெரிய மஞ்சள் பறவையையும் பேச்சில் இழுத்தார். அன்றே விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரப் பல்கலைக்கழக வளாகத்தில் ஏறத்தாழ 30,000 பேர் கூடினர். இரவில் சொல்லியிருக்க வேண்டிய பதில்களைக் காலையில் சொல்கிறார் என்று எதிர்தரப்பினர் ஏளனம் செய்தனர்.

ஆயினும் அக்கூட்டங்களுக்குப் பயன் இருந்தது. வீடு வீடாகச் செல்வது, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது, சிறு நன்கொடை திரட்டுவது ஆகியவற்றைச் செய்பவர்கள் தொண்டர்களே. அவர்கள் கைவிட்டால் பரப்புரை நின்றுபோகும். கருத்துக்கணிப்புகளில் ராம்னி முன்னேறிய நாட்களில் அவர்களைக் களத்தில் நிறுத்திவைக்கக் கூட்டங்கள் உதவின. ஐயத்துக்கு உண்மையான பதில் 13 நாட்களுக்குப் பின், அக்டோபர் 16 அன்று நடந்த இரண்டாம் விவாதத்தில் கிடைத்தது. அதில் ஒபாமா சுறுசுறுப்புடன் வாதிட்டார். நவம்பர் 6 தேர்தலில் கொலராடோ, விஸ்கான்சின் ஆகிய இரு மாநிலங்களும் அவருக்கே கிடைத்தன.

2024: ராலேயில் ஒரு பிற்பகல்

2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில், பார்வையாளர்கள் இல்லாத அரங்கில் குடியரசுத் தலைவர் ஜோ பைடனும் முன்னாள் குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப்பும் விவாதித்தனர். அப்போது பைடனுக்கு வயது 81. குரல் கரகரத்தது, சில இடங்களில் வாக்கியம் பாதியில் நின்றது. அதை 5 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர்.

மறுநாள் வட கரோலினாவின் ராலே நகரில் அவர் உரத்த குரலில் பேசினார். முன்புபோல் எளிதாக நடக்கவோ சரளமாகப் பேசவோ விவாதிக்கவோ தம்மால் இயலவில்லை என ஒப்புக்கொண்டு, உண்மையைச் சொல்ல மட்டும் தமக்குத் தெரியும் என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் அவர் முன்னால் உரைகாட்டித் திரை இருந்தது. எழுதிய உரையைப் படிக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. எழுதாத கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா என்பதே மக்களின் கேள்வி. அடுத்த விவாதமோ செப்டம்பர் 10-க்குக் குறிக்கப்பட்டிருந்தது.

ஜூலை 2 அன்று டெக்சாஸைச் சேர்ந்த லாய்ட் டாகெட், பைடன் விலக வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரிய முதல் ஜனநாயகக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். ஜூலை 5 அன்று மேடிசனில் நடந்த கூட்டத்தில், போட்டியில் நீடிப்பதாகப் பைடன் உறுதி கூறினார். விவாதம் நடந்த 24-ஆம் நாள், ஜூலை 21 அன்று, அவர் விலகிக் கமலா ஹாரிஸுக்கு ஆதரவு அளித்தார்.

கூட்டத்தின் எல்லை

கூட்டத்துக்கு வருபவர் ஏற்கெனவே முடிவு செய்தவர். ஐயம் கொண்டவர் வீட்டில் இருக்கிறார். அவரிடம் பேசியது விவாதமே. 2012-இல் எழுந்த ஐயம் ஓர் இரவின் செயல்பாட்டைப் பற்றியது. அதை மற்றோர் இரவு தீர்த்தது. 2024-இல் எழுந்த ஐயம் வேட்பாளரின் வயதைப் பற்றியது. அதைக் கைதட்டலால் தீர்க்க இயலவில்லை. மறுநாள் கூட்டம் வேட்பாளருக்குச் சில நாட்கள் அவகாசம் பெற்றுத் தருகிறது. அந்த அவகாசத்தில் ஐயத்துக்கு விடை கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.