வணிக நேர்வுரை: தீர்ப்புக் கூறாத உரைவகையின் வரலாறும் தமிழாக்கமும்

1. முன்னுரை

மேலாண்மைக் கல்வியில் வகுப்பறைக் கலந்துரையாடலுக்கென எழுதப்படும் நிறுவனச் செய்தியுரை தனியொரு உரைவகையாகும். ஆங்கிலத்தில் ‘கேஸ்’ என்னும் ஒரு சொல் குறிப்பனவற்றைத் தமிழ் பலவாகப் பிரித்து வழங்குகிறது. நீதிமன்றத்தில் அது வழக்கு, இலக்கணத்தில் வேற்றுமை, ஆட்சித் தமிழில் நேர்வு. இவற்றுள் இறுதிச் சொல்லைத் தழுவி, ‘நேர்வுரை’ என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது. இவ்வுரைவகை நீதிமன்ற வழக்கிலிருந்து பிரிந்த வரலாறும், அப்பிரிவு தமிழாக்கத்தில் எழுப்பும் சிக்கல்களும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

2. வழக்கிலிருந்து நேர்வுக்கு

ஹார்வர்டு சட்டப் பள்ளிக்கு 1870-இல் தலைவரான லாங்டெல், 1871-இல் ஒப்பந்தச் சட்டம் பற்றிய வழக்குகளைத் தொகுத்துப் பாடநூலாக்கினார். மாணவர் கோட்பாட்டை மனனம் செய்யாது, தீர்ப்புகளைப் பயின்று அவற்றிலிருந்து கோட்பாட்டை வருவித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இதற்கு வேண்டிய மூலவுரைகளை நீதிபதிகள் முன்னரே எழுதி வைத்திருந்தனர். ஆசிரியருக்குத் தொகுத்தலே பணியாயிற்று.

1908-இல் தோன்றிய ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. அதன் முதல் தலைவரான எட்வின் கே பொருளாதார வரலாற்றறிஞர். மெய்யான சிக்கல்களைக் கொண்டு கற்பிக்க அவர் விழைந்தார். எனினும் வணிகர் எடுத்த முடிவுகளுக்குத் தீர்ப்புத் திரட்டு போன்ற பதிவேடு எதுவும் இல்லை. 1919-இல் தலைவரான வாலஸ் டோனம் சட்டம் பயின்றவர். வழக்குவழிக் கற்பித்தலை மாணவராக அறிந்தவர். அவர் ஊக்கத்தால் மெல்வின் கோப்லாண்டு 1920-இல் விற்பனைச் சிக்கல்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1921-இல் கிளின்டன் பிடில் எழுதிய, காலணி நிறுவனம் ஒன்றைப் பற்றிய ஏறத்தாழ ஒரு பக்க உரை, இவ்வகையின் முதல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. வேலைநேரம் முடியுமுன்னரே தொழிலாளர் பணியை நிறுத்துவது அதன் பொருள்.

மூலவுரை இல்லாமையால் நேர்வுரையைப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. இதுவே அடிப்படை வேறுபாடு. வழக்கறிக்கையில் நிகழ்ச்சி, வாதம், தீர்ப்பு, தீர்ப்புக்கான காரணம் ஆகிய நான்கும் உள. நேர்வுரையில் முதலிரண்டே உள. நீதிபதியின் இருக்கை வெறுமையாக விடப்படுகிறது. மாணவர் அதில் அமர்கிறார். வினையெச்சம் முடிக்கும் வினையை வேண்டி நிற்பதுபோல, இவ்வுரை படிப்போரின் முடிவை வேண்டி நிற்கிறது.

3. மொழிக்கூறுகள்

முடிவெடுக்க வேண்டிய ஒருவர், காலம், இடம், சிக்கல் ஆகியவற்றை முதற்பத்தி அறிமுகம் செய்வது மரபு. நிகழ்ச்சிகள் இறந்தகாலத்தில் கூறப்படும். கருத்துகள் எழுதுபவர் கூற்றாக அமையாமல், நிறுவனத்தார் கூற்றாகச் சார்த்தி உரைக்கப்படும். கணக்குப் பட்டியல்கள் பின்னிணைப்பாகும். ஆசிரியர்க்கான பகுப்பாய்வு தனிக் குறிப்பாக எழுதப்பட்டு மாணவரிடமிருந்து விலக்கி வைக்கப்படும். நிறுவனத்தின் இசைவு பெற்றே உரை வெளியிடப்படும். வேண்டுமிடத்துப் பெயரும் எண்ணும் மாற்றப்படும். இவற்றுள் பெரும்பாலானவை, எழுதுபவர் தம் தீர்ப்பை வெளிப்படுத்தாதிருத்தற்குத் துணைசெய்வன.

4. தமிழாக்கச் சிக்கல்கள்

1961-இல் நிறுவப்பட்ட அகமதாபாது இந்திய மேலாண்மைக் கழகம், ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒத்துழைப்புடன் இம்முறையை மேற்கொண்டது. இந்திய நிறுவனங்களைப் பற்றிய நேர்வுரைகள் அங்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. இத்தகைய உரைகளைத் தமிழில் பெயர்க்கும்போது, மறைக்கப்பட்ட தீர்ப்பு மூன்று வழிகளில் கசியக்கூடும்.

முதலாவது, மரியாதை விகுதி. ‘மேலாளர் கூறினார், தொழிலாளி கூறினான்’ எனப் பெயர்த்தால், ஆங்கில மூலத்தில் இல்லாத உயர்வு தாழ்வு தமிழில் நுழைந்துவிடுகிறது. தொழில் தகராறு பற்றிய உரையில் இது வழக்கைக் கேட்குமுன் தீர்ப்பளிப்பதாகும். இருவர்க்கும் -ஆர் விகுதியே தகும்.

இரண்டாவது, துணைவினையும் இடைச்சொல்லும். ‘வேலையை நிறுத்தினர்’ என்பது செய்தி. ‘நிறுத்திவிட்டனர்’ என்பது முற்றுப்பெற்றமையுடன், இடத்திற்கேற்ப, எதிர்பாராமையையோ வருத்தத்தையோ உணர்த்தக்கூடும். ‘கூலி போதவில்லையாம்’ என்பதிலுள்ள -ஆம் பிறர் கூற்று என்பதோடு நில்லாமல் சொல்பவரின் ஐயத்தையும் சுட்டக்கூடும். ‘கூலி போதவில்லை என்று தொழிலாளர் கூறினர்’ என்பது நடுநிலையானது.

மூன்றாவதும் மிக நுட்பமானதும் தொடரிணைப்பாகும். மூலத்தில் ‘கூலிமுறை மாற்றப்பட்டது. உற்பத்தி குறைந்தது.’ என இரு தனித் தொடர்கள் இருக்கலாம். தமிழ் நடைக்கு இயைய அவற்றை ‘கூலிமுறை மாற்றப்பட்டு உற்பத்தி குறைந்தது’ என எச்சத்தால் இணைக்க மொழிபெயர்ப்பாளர் விரும்புவார். அவ்வெச்சம் கால முறையை மட்டுமன்றிக் காரணத்தையும் உணர்த்த இடந்தருகிறது. ‘மாற்றப்பட்டதால்’ என்றால் ஐயத்திற்கே இடமில்லை. மாணவர் கண்டறிய வேண்டிய விடையை மொழிபெயர்ப்பாளர் எழுதிவிடுகிறார்.

5. முடிவுரை

பொதுவாக மொழிபெயர்ப்பில் தெளிவும் ஒழுகிசையும் நற்பண்புகளாகக் கருதப்படும். நேர்வுரையிலோ, மூலம் இணைக்காமல் விட்ட தொடர்களை இணைக்காமல் விடுவதும், மூலம் எடைபோடாத மாந்தரை எடைபோடாமல் விடுவதும் பெயர்ப்பின் நேர்மையாகும். நடை சற்றே முறிந்து ஒலிப்பினும் அம்முறிவு காக்கப்படுதல் வேண்டும். வகுப்பறை விவாதம் தொடங்குமிடம் அதுவேயாகும்.