வாத்தியாரும் படிக்க வேண்டும்

எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரிடம் ஒரு பழைய நோட்டு இருந்தது. தாம் கல்லூரியில் வாசித்தபோது எழுதியது. பழுப்பேறி, ஓரமெல்லாம் கிழிந்துவிட்ட அதைப் பார்த்துத்தான் கரும்பலகையில் எழுதுவார். ஒரு நாள் நான் எழுந்து, "ஸார், இது ஏன் இப்படி வருகிறது?" என்று கேட்டுவிட்டேன்.

"அப்படித்தான் வரும், எழுதிக்கொள்" என்றார்.

அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று நினைத்தால் பரிதாபமே உண்டாகிறது. "நீர் மேலும் படியும், செலவுக்கு நாங்கள் தருகிறோம்" என்று அந்த மனிதரிடம் யார்தான் சொன்னார்கள்?

அப்படிச் சொன்ன தேசம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1950-ஆம் ஆண்டு தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் ஏற்பட்டது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதே அதன் பிரதான வேலை. ஆனால், நாளைய விஞ்ஞானி இன்று ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பெஞ்சியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறான்? ஆகவே 1953 கோடையில் கல்லூரி ஆசிரியர்களுக்கும், 1954-இல் ஸியாட்டில் நகரில் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்களுக்கும் சர்வகலாசாலைகளில் கோடை வகுப்புகள் தொடங்கின.

இதில் என்னைக் கவர்ந்தது பாடத்திட்டம் அல்ல, பண விஷயம். விடுமுறை மாதங்களில் கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்து குடும்பத்தை ஓட்டிய ஆசிரியர்கள் அங்கே அநேகம். அவர்களுக்கு வாரம் 75 டாலர் உதவித் தொகை. மனைவி மக்களுக்கென்று தலைக்கு 15 டாலர் வேறு! வாத்தியாருக்கும் வயிறு உண்டு என்று ஒரு சர்க்கார் கண்டுபிடித்தது சாமானியமா?

1956-இல் ஜெரால்ட் ஸக்கரையாஸ் என்ற பௌதிகப் பேராசிரியர் பள்ளிக்கூடப் பாடத்தையே புதிதாக எழுதக் கிளம்பினார். கண்ணாடி அடித்தட்டுள்ள தொட்டியில் நீர் ஊற்றி, மேலே விளக்கு வைத்து, அலைகளின் நிழலைக் கீழே காகிதத்தில் விழவைத்தார்கள். "ஏன்?" என்ற கேள்விக்குப் பையனே கண்ணால் பதில் காணும் வழி அது. கோடை வகுப்புகளில் ஆசிரியர்கள் முதலில் தாங்களே மாணவர்களாகி அதைச் செய்து பார்த்தார்கள்.

1957 அக்டோபர் 4-ஆம் தேதி ரஷ்யாவின் ஸ்புட்னிக் வானில் ஏறியது. அமெரிக்கா திடுக்கிட்டது. 1958-இல் தேசப் பாதுகாப்பின் பெயராலேயே ஒரு கல்விச் சட்டம் வந்தது. பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. 1963-இல் அமெரிக்க உதவியோடு இந்தியாவிலும் இத்தகைய கோடை வகுப்புகள் நடந்தன.

பயம் தெளிந்தது, கையும் சுருங்கியது. 1975-இல், அந்த ஸ்தாபனத்தின் பணத்தில் உருவான ஒரு சமூகப் பாடத்தைப் பற்றி அமெரிக்கக் காங்கிரஸில் பெருஞ் சண்டை எழுந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்தாபனத்தின் கல்விப் பிரிவே ஏறக்குறைய மூடப்பட்டது. 1983-இல், தேசம் அபாயத்தில் இருக்கிறதென்று ஓர் அறிக்கை எச்சரித்தது. உடனே மறுபடியும் பயம். அந்த ஆண்டே கல்விப் பிரிவுக்கு மறுபடியும் உயிர்!

வீட்டில் திருடன் புகுந்தால்தான் விளக்கேற்றுவது என்று வைத்துக்கொண்டால், மற்ற நாளெல்லாம் இருட்டுத்தானே? வானத்தில் எதுவும் பறக்காத சாதாரண நாளிலும், எங்கேயோ ஒரு பையன் எழுந்து நின்று, "ஸார், இது ஏன்?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். பழைய நோட்டில் அதற்குப் பதில் இல்லை.