காந்தக்கல்லை யார் செய்தது?

தோட்டப் பள்ளிப் பிள்ளைகளோடு நாம் ஒருமுறை சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்கு வந்திருந்தோம். அங்கே சிறு காந்தம் ஒன்றை வாங்கிய மாணவன், ஊர் திரும்பியதும் அதை வாய்க்கால் மணலில் இழுத்துப் பார்த்தான். மீசை முளைத்தாற்போலக் கறுப்புத் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டன. "ஐயா, இதை யார் செய்தது?" என்று கேட்டான். கேள்வி சிறிது, விடையோ பெரிது.

அத்துகள்களில் பெரும்பகுதி காந்தக்கல்லாக இருக்கும். அறிவியலார் அதனை மேக்னடைட் என்பர். மூன்று பங்கு இரும்பணுவும் நான்கு பங்கு பிராணவாயு அணுவும் சேர்ந்தது அது. எடையில் நூற்றுக்கு 72 பங்கு இரும்பு.

இயற்கை இதனைப் பல வழிகளில் ஆக்குகிறது. பூமிக்குள் உருகிய பாறைக்குழம்பு மெல்ல ஆறி உறைந்ததே புக்கிட் தீமாக் கருங்கல். இத்தகைய பாறைகளில் காந்தக்கல் சிறு மணிகளாக உறைவதுண்டு. பாறை தேய்ந்து மணலாகும்போது கனமான அம்மணிகள் தனியே ஒதுங்கும். ஆதிக் கடல்களின் அடியில் படிந்த இரும்பு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிக் காந்தக்கல் அடுக்கானது வேறொரு வகை. சேலத்துக் கஞ்சமலையின் அடுக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை. வயது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல். சில நுண்ணுயிர்கள் தம் உடலுக்குள்ளேயே காந்தக்கல் மணிகளைக் கோத்து வைத்துத் திசையறிகின்றன. இவற்றைப் பற்றி அமெரிக்க அறிஞர் பிளேக்மோர் 1975-இல் எழுதினார்.

மனிதனும் இதனைச் செய்யக் கற்றான். 1785-இல் பாரிஸ் நகரில் லவாய்சியர், செந்தணலாய்ச் சுட்ட இரும்பின்மேல் நீராவியைச் செலுத்தினார். இரும்பு நீரிலுள்ள பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு கறுப்பு ஆக்சைடாயிற்று, ஹைட்ரஜன் வெளியேறியது. நீர் தனிப்பொருள் அன்று, கூட்டுப்பொருளே என்பதற்கு அது சான்றாயிற்று. இன்று இருவகை இரும்பு உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கரைத்து அம்மோனியா ஊற்றினால், கறுப்பு வீழ்படிவாகக் காந்தக்கல் கிடைக்கிறது. 1981-இல் மஸார்ட் என்பவர் இம்முறையில் பெற்ற மிக நுண்ணிய மணிகளை நீரிலே தங்கச் செய்து, காந்தத்தால் இழுக்கப்படும் திரவத்தை உருவாக்கினார்.

இனி நம் ஊர்க் கதை. 1819-இல் ராஃபிள்சுடன் நாராயண பிள்ளை சிங்கப்பூர் வந்தார். அக்காலக் கப்பல்களை நடத்தியது காந்த ஊசியே. ஆனால் அந்த ஊசி எங்கும் நேர்வடக்கைக் காட்டுவதில்லை. இடத்துக்கு இடம் விலகும். விலகலை அறியாத மாலுமி பாறையில் மோதுவான். ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் காந்த ஆய்வுக்கூடங்களை நிறுவியது. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த எலியட் 1841 முதல் 1845 வரை சிங்கப்பூரில் ஊசியின் விலகலையும் சாய்வையும் அளந்தார். வடநாடுகளில் தலைகுப்புறச் சாயும் ஊசி, பூமத்திய ரேகைக்கு அருகே படுத்தாற்போல் நிற்பதால் இவ்வளவைகள் மிகவும் பயன்பட்டன.

அதே காலத்தில் சேலத்துக் காந்தக்கல் படகேறிக்கொண்டிருந்தது. ஹீத் என்பவர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். உலையை எரிக்கக் கரி வேண்டும். கரிக்குக் காடு வேண்டும். காடு குறையக் குறையச் செலவு ஏறியது. அவர் எண்ணிய இலாபம் கிட்டவில்லை. பின்வந்த கம்பெனியும் நிலைக்கவில்லை. ஆயினும் அதற்கு ஈராயிரம் ஆண்டுகள் முன்பே நொய்யல் கரைக் கொடுமணலில் நம் கொல்லர்கள் மூசையில் எஃகு காய்ச்சியதற்கு அகழாய்வு சான்று தருகிறது. கல் ஒன்றுதான்; அதைக் கையாளும் அறிவும் எரிபொருளும் சேர்ந்தால்தான் தொழில் வாழும்.

"விஞ்ஞானமெல்லாம் வெள்ளைக்காரர் தந்தது" என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். அப்படியன்று. எல்லாம் நம்முடையதே என்பதும் அன்று. பாரிஸ் உலையும் கொடுமணல் மூசையும் ஒரே கேள்விக்குக் கிடைத்த விடைகள்.

அந்த மாணவனுக்கு நாம் சொன்னது இதுதான்: "தம்பி, முதலில் பூமி செய்தது, பிறகு மனிதன் கற்றுக்கொண்டான். இனி நீ செய்." மறுநாள் அவன் தீப்பெட்டி நிறையக் கறுப்பு மணல் கொண்டுவந்தான்.