நான்காவது குரல்: ஏசி/டிசியின் 2016ஆம் ஆண்டுப் பயணம்

ராக் இசைக்குழு ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் முதலில் அதன் ஆல்பங்களைத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். எந்த ஆண்டில் எந்த ஆல்பம், பாடியவர் யார், எத்தனை பிரதிகள் விற்றன என்று கணக்கு ஓடும். ஆல்பம் வெளிவராத காலம் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஏசி/டிசி குழுவின் வரலாற்றில் 2016 மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களுக்கு இந்த ஆபத்து இருக்கிறது. அந்த மாதங்களில் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சனின் இடத்தில் பாடியவர் கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் ஆக்ஸல் ரோஸ். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமாக இருபதுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் நடந்தன. அவற்றிலிருந்து அதிகாரபூர்வமான ஆல்பம் ஒன்றுகூட வரவில்லை. ஆனால் கூட்டத்தில் நின்று கேட்ட ரசிகர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், வாதிடுகிறார்கள், கைப்பேசிப் பதிவுகளைப் பத்திரப்படுத்துகிறார்கள். அவர்களுடைய நினைவை வரலாற்றுச் சான்றாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஏசி/டிசி எதனால் ஆன குழு என்ற கேள்விக்கு, வேறெந்தக் காலத்தையும்விடத் தெளிவான விடை அந்தப் பயணத்தில்தான் கிடைத்தது.

அந்தச் சூழ்நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. குழுவைத் தம்பி ஆங்கஸுடன் சேர்ந்து தொடங்கிய மால்கம் யங், மறதி நோயால் 2014இல் விலகினார். அவர் இடத்துக்கு அண்ணன் மகன் ஸ்டீவி யங் வந்தார். டிரம்மர் ஃபில் ரட் நியூசிலாந்தில் வழக்கில் சிக்கியதால் கிறிஸ் ஸ்லேட் திரும்ப அழைக்கப்பட்டார். ‘ராக் ஆர் பஸ்ட்’ ஆல்பத்துக்கான உலகப் பயணம் 2015 ஏப்ரலில் இப்படித்தான் கிளம்பியது. 2016 மார்ச் 7 அன்று அடுத்த அடி விழுந்தது. உடனே மேடையை விட்டு இறங்காவிட்டால் செவித்திறன் முழுவதும் போய்விடும் என்று மருத்துவர்கள் பிரையன் ஜான்சனை எச்சரித்திருந்தார்கள். அமெரிக்காவில் மீதமிருந்த 10 கச்சேரிகள் தள்ளிவைக்கப்பட்டன. அப்போது பிரையனுக்கு வயது 68. ஏப்ரல் 16 அன்று ஆக்ஸல் ரோஸின் பெயரைக் குழு அறிவித்தது. உதவுகிறேன் என்று முதலில் முன்வந்தவர் ஆக்ஸல்தான். அதற்குச் சில நாள் முன்பு ஒரு கச்சேரியில் அவர் கால் பாதம் முறிந்திருந்தது. ரசிகர்களில் பெரும்பகுதியினர் கொதித்துப்போனார்கள். பெல்ஜியத்தின் வெர்க்டர் கச்சேரிக்கு மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டதாகச் செய்திகள் வந்தன.

அந்தக் கோபத்தின் அடியில் ஓர் அனுமானம் இருந்தது: பாடகரின் குரல்தான் குழு, குரல் மாறினால் குழுவும் மாறிவிடும். பல குழுக்களுக்கு இது பொருந்தும். ஏசி/டிசிக்குப் பொருந்தாது என்பதை அதன் சொந்த வரலாறே சொல்கிறது. 1973இல் சிட்னியில் தொடங்கியபோது பாடியவர் டேவ் எவன்ஸ். 1974இல் அவருக்குப் பதிலாக வந்தவர் பான் ஸ்காட். குழுவின் அசல் குரல் என்று இன்று கொண்டாடப்படும் பானே இரண்டாவதாக வந்தவர்தான். 1980 பிப்ரவரி 19 அன்று, 33 வயதில், லண்டனில் அவர் இறந்தார். சில வாரங்களில் நியூகாசிலைச் சேர்ந்த பிரையன் ஜான்சன் சேர்ந்தார். ஜூலை மாதமே ‘பேக் இன் பிளாக்’ வெளிவந்துவிட்டது. அமெரிக்காவில் மட்டும் அந்த ஆல்பம் 2.5 கோடிப் பிரதிகளுக்கான சான்றிதழை 2019இல் பெற்றது. இறந்துபோன பாடகரின் நினைவாகக் கறுப்பு அட்டையுடன் வந்த ஆல்பம், புதிய பாடகரின் முதல் ஆல்பமாகவும் இருந்து, குழுவின் மிகப் பெரிய வெற்றியாகவும் ஆனது. ஆகவே 2016இல் ரசிகர்கள் காக்க நினைத்த இடம், அதற்கு முன்பே இருமுறை கைமாறிய இடம். கைமாறியும் இசை நிலைத்ததற்குக் காரணம் மால்கமின் ரிதம் கிதாரும் ஆங்கஸின் ரிஃபுகளும் போட்ட அடித்தளம். பாட வருபவர் யாராக இருந்தாலும் அந்த அடித்தளத்தின் மீதுதான் நிற்க வேண்டியிருந்தது.

ஆக்ஸலுடன் நடந்த முதல் கச்சேரி 2016 மே 7 அன்று லிஸ்பனில், ஆற்றங்கரையிலிருந்த திறந்தவெளியில் நடந்தது. மழையில் நனைந்த கூட்டம் எதை எதிர்பார்ப்பது என்று தெரியாமல் நின்றது. ஆக்ஸல் ஒரு பெரிய இருக்கையில் உட்கார்ந்தபடி பாடினார். ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் டேவ் குரோல் 2015இல் மேடையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டபோது தனக்காகச் செய்துகொண்ட இருக்கை அது. பின்புறம் கிதார்க் கழுத்துகள் கதிர்களாக விரியும் அந்தச் சிம்மாசனத்தை அவர்தான் ஆக்ஸலுக்கு இரவல் கொடுத்திருந்தார். மேடை முழுக்க ஓடிப் பழகியவர், கட்டுப் போட்ட காலை நீட்டிவைத்துக்கொண்டு, ஓட வழியின்றிப் பாட்டை மட்டும் நம்பிப் பாடினார். பக்கத்தில் 61 வயது ஆங்கஸ் வழக்கமான பள்ளிச் சீருடையில் ஓடிக்கொண்டிருந்தார். ‘ராக் ஆர் பஸ்ட்’, ‘ஷூட் டு த்ரில்’, ‘பேக் இன் பிளாக்’ என்று பிரையன் குரலில் ஊறிப்போன பாடல்கள் தொடக்கத்திலேயே வந்தன. அந்த இரவைப் பற்றி ரசிகர்கள் சொல்வதில் திரும்பத் திரும்ப வருவது ஒன்று உண்டு: சந்தேகத்தோடு வந்தோம், சில பாடல்களுக்குள் சந்தேகம் போய்விட்டது. இந்தச் சாட்சியத்துக்கு எடை உண்டு. ஆக்ஸல் உட்கார்ந்திருந்ததால் உடலசைவும் நாடகமும் கணக்கிலிருந்து விலகிவிட்டன. எஞ்சியது குரலும் பாட்டும். அவை இரண்டும் பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்க்க வேண்டிய நிலையில் கூட்டம் தீர்ப்பு வழங்கியது.

பொருத்தத்துக்கான காரணம் பாடல் பட்டியலில் தெரிகிறது. 1978இன் ‘பவரேஜ்’ ஆல்பத்திலிருந்து ‘ரிஃப் ராஃப்’, ‘ராக் அண்ட் ரோல் டேம்னேஷன்’ ஆகிய இரண்டும் பல ஆண்டுகளுக்குப் பின் மேடைக்குத் திரும்பின. ‘ஹைவே டு ஹெல்’ ஆல்பத்தின் ‘டச் டூ மச்’சும் இந்தப் பயணத்தில் ஒலித்தது. மூன்றும் பான் ஸ்காட் பாடியவை. பிரையனின் பலம் உச்சியில் கிழியும் கூக்குரல். பானுடைய பாடல்கள் பலவற்றில் பேச்சும் பாட்டும் கலந்த, கீழிறங்கி நெளியும் ஒரு நடை உண்டு. ஆக்ஸலின் குரல் இரண்டு இடத்துக்கும் போய்வரக்கூடியது. இதற்கு மேல் ஒரு காரணமும் உண்டு. 1987இல், முதல் ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே, கன்ஸ் அண்ட் ரோஸஸ் லண்டனின் மார்க்கீ கிளப்பில் ஏசி/டிசியின் ‘ஹோல் லாட்டா ரோஸி’யைப் பாடியிருந்தது. 1976இல் இங்கிலாந்தில் காலூன்ற ஏசி/டிசி தொடர்ந்து வாசித்ததும் அதே கிளப்பில்தான். மார்க்கீயில் ஒரு ரசிகராக அந்தப் பாடலைப் பாடியவர், 2016 ஜூன் 4 அன்று அதே நகரின் ஒலிம்பிக் அரங்கில் அதை உருவாக்கிய குழுவோடு நின்றார். அவர் இந்தப் பாடல்களை வேலை கிடைத்த பிறகு மனப்பாடம் செய்தவரல்ல. அவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறையின் பிரதிநிதியாகவே மேடைக்கு வந்தார். குழு தானே ஒதுக்கிவைத்திருந்த தன் பழைய பாடல்களை வெளியிலிருந்து வந்த ஒருவர் மூலம் மீட்டுக்கொண்டது. அந்தப் பயணத்தின் வரலாற்று மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மிகவும் கனமானது பிரையனைப் பற்றியது. 35 ஆண்டுகளுக்கு மேல் குழுவைத் தாங்கியவரின் இடத்தை, அவர் விலகிய ஆறே வாரத்தில் நிரப்பியது மனிதத்தன்மையா என்று ரசிகர்கள் கேட்டார்கள். அந்த வலி உண்மையானது. ஆக்ஸல் நன்றாகப் பாடியதாகக் கேள்விப்பட்டாலும் தன்னால் அதைப் பார்க்க முடியவில்லை என்றும், சொந்த வீட்டில் தன் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பதைக் காண்பது போன்றது அது என்றும் பிரையனே பிற்பாடு சொன்னார். மனத்தாங்கல் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். வலியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது அறத்தைப் பற்றிய கேள்வி. இசை எப்படி இருந்தது என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. மேலும், பிரையனும் 1980இல் இறந்துபோன ஒருவரின் பாடல்களை, அவரை நேசித்த கூட்டத்தின் முன் நின்று பாடியவர்தான். அன்றைக்கு ரசிகர்கள் கதவடைத்திருந்தால், 2016இல் அவருக்காகக் கோபப்பட ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

பணத்துக்காகச் செய்தார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. விற்றுத் தீர்ந்த அரங்குகளை ரத்து செய்தால் நட்டம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் பணக் காரணம் ஒரு பயணம் ஏன் நடந்தது என்பதை விளக்கும். அது ஏன் நன்றாக அமைந்தது என்பதை விளக்காது. அதற்கு மற்ற குழுக்களோடு ஒப்பிட வேண்டும். அயர்ன் மெய்டன் 1994இல் புரூஸ் டிக்கின்சனுக்குப் பதிலாக பிளேஸ் பெய்லியை நிரந்தரமாகச் சேர்த்தது. டிக்கின்சனின் உச்சக் குரலுக்காக எழுதிய பழைய பாடல்களை, தாழ்ந்த குரல் கொண்ட அவர் இரவுக்கு இரவு பாட வேண்டியிருந்தது. குரல் கெட்டுக் கச்சேரிகள் ரத்தாயின. 1999இல் அவர் வெளியேறினார். ஜூடாஸ் பிரீஸ்ட், தன் பாடல்களைப் பாடும் நகல் குழுவில் இருந்த டிம் ஓவன்ஸை 1996இல் தேர்ந்தெடுத்தது. அவர் அபாரமான பாடகர். இருந்தும் பழைய பாடகர் ராப் ஹால்ஃபோர்டு 2003இல் திரும்பியதும் இடம் காலியானது. இவ்விருவரும் நிரந்தரம் என்ற சுமையோடு வந்தவர்கள். முந்தைய பாடகரை மறக்கடிக்க வேண்டிய கட்டாயம் அவர்கள் மீது இருந்தது. ஆக்ஸலுக்கு அந்தச் சுமை இல்லை. அவருக்குச் சொந்தக் குழு இருந்தது. அதே கோடையில் அதன் பெரும் பயணமும் நடக்கவிருந்தது. பிரையனை மறக்கடிக்கவோ பானை நகலெடுக்கவோ தேவையில்லாமல் பாடல்களுக்கு மட்டும் அவரால் கடமைப்பட்டிருக்க முடிந்தது. கச்சேரிக்குத் தாமதமாக வருபவர் என்ற அவருடைய பழைய கெட்ட பெயரும் இந்தப் பயணத்தில் உறுதிப்படவில்லை. அதேசமயம் பெய்லியின் காலத்தையும் வீண் என்று தள்ள முடியாது. அவர் காலத்தில் வந்த ‘சைன் ஆஃப் த கிராஸ்’, ‘த கிளான்ஸ்மன்’ ஆகியவற்றை டிக்கின்சன் திரும்பி வந்து, 2001இல் ரியோவின் பெருங்கூட்டத்தின் முன் பாடினார். மாற்றுப் பாடகரின் காலம் குழுவின் சொத்தில் சேர்ந்துவிடுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது ஆட்சேபம் சான்றைப் பற்றியது. பிடிக்காதவர்கள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வந்தவர்கள் பாராட்டத் தயாராகவே வந்தார்கள். அவர்களுடைய நினைவை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான எச்சரிக்கைதான். அதனால்தான் நினைவுகளைப் பாடல் பட்டியலோடும் கூட்டத்தினர் எடுத்த பதிவுகளோடும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பதிவுகளில் குறைகளும் கேட்கின்றன: மூச்சு வாங்கும் இடங்கள் உண்டு, பிரையனின் அழுத்தத்துக்கு ஏங்கவைக்கும் வரிகள் உண்டு. நேர்மையாகப் பேசும் ரசிகர்கள் அவற்றை மறைப்பதில்லை. பிரையனைவிட மேல் என்று அவர்களில் பலரும் வாதிடுவதுமில்லை. பானின் பாடல்களை மறுபடி உயிரோடு கேட்டோம் என்பதுதான் அவர்கள் சொல்வது. அந்தக் கூற்றைப் பட்டியலும் பதிவும் தாங்கி நிற்கின்றன.

தள்ளிவைக்கப்பட்ட 10 அமெரிக்கக் கச்சேரிகளும் நடந்து முடிந்து, செப்டம்பர் 20 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பயணம் நிறைவுற்றது. 1977 முதல் பேஸ் கிதார் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸ் அத்தோடு ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தார். 2017 நவம்பரில் மால்கம் இறந்தார். குழு முடிந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். முடியவில்லை. காதுக்கான புதிய கருவி ஒன்றின் உதவியால் பிரையன் திரும்பினார். 2020இல் ‘பவர் அப்’ ஆல்பம் வந்தது. 2023 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் இண்டியோவில் அவர் மீண்டும் பெரிய மேடை ஏறினார். ஆக்ஸலின் வருகை பிரையனின் இடத்தை அழித்துவிடவில்லை என்பதை இந்தத் திரும்புதல் மெய்ப்பித்தது. ஆனால் அந்த மகிழ்ச்சியே 2016ஐ மறக்கச் சாக்காகிவிடக் கூடாது. அதிகாரபூர்வ ஆல்பம் இல்லாத நிலையில் கூட்டத்தினர் எடுத்த பதிவுகளும், பத்திரப்படுத்திய டிக்கெட்டுகளும், எழுதிவைத்த குறிப்புகளும்தான் அந்தக் காலத்தின் ஆவணங்கள். வைத்திருப்பவர்கள் அவற்றை நாள், ஊர், பாடல் வரிசையோடு குறித்துப் பாதுகாக்க வேண்டும். குழுவின் வரலாற்றை இனி எழுதுபவர்கள் டேவ் எவன்ஸ், பான் ஸ்காட், பிரையன் ஜான்சன் என்ற வரிசையில் நான்காவது பெயரையும் அடிக்குறிப்பில் ஒதுக்காமல் நூலின் உடலிலேயே எழுத வேண்டும்.