பிலடெல்பியாவில் ஒரு மதுரை மண்டபம்

"ஏண்டா மாப்ள, செருப்ப எங்கடா விடுறது?"

நண்பன் கேட்டது கோயில் வாசலில் இல்லை. அமெரிக்காவில், பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில், ஆசியப் பிரிவுக்குள். கேட்டவன் மதுரைக்காரன், மேலமாசி வீதிப் பக்கம் வளர்ந்தவன். எங்களுக்கு எதிரே நின்றது அவன் தெருக் கோயிலின் மண்டபம்.

அந்த மியூசியம் என்றால் பலருக்கும் 'ராக்கி' படத்தில் (1976) ஸ்டாலோன் ஓடி ஏறும் 72 படிகள்தான் ஞாபகம் வரும். நாங்களும் ஏறினோம், மூச்சு வாங்கியது :-) உள்ளே ஜப்பானியத் தேநீர்க் குடில், பெய்ஜிங்கிலிருந்து வந்த அரண்மனைக் கூடம் என்று கட்டடங்களையே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் அழகுதான். ஆனா நம்மாளு மண்டபத்தை விட்டு நகரவே இல்லை.

கதை இதுதான். 1912இல் அடலின் பெப்பர் கிப்சன் என்கிற பிலடெல்பியாப் பெண் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். மதுரையில் மதனகோபால சுவாமி கோயில் வளாகத்தில் குவியலாய்க் கிடந்த கருங்கல் தூண்களையும் சிற்பப் பலகைகளையும் பார்த்தார். விலைக்கு வாங்கினார். கொஞ்சநஞ்சம் இல்லை, அறுபதுக்கும் மேலே! அத்தனையையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார். பிறகு முதல் உலகப்போர். செவிலியர் பணிக்காக பிரான்சு போனவர் 1919இல் அங்கேயே இறந்துபோனார். அதே ஆண்டு குடும்பத்தார் அவர் நினைவாகக் கற்களை மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கல் வந்தது, விவரம் வரவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த நார்மன் பிரவுன் என்பவர்தான் விடாமல் துருவினார். மதுரைக்கே போய் விசாரித்து, 1940இல் இந்த மண்டபத்துக்காகவே ஒரு புத்தகம் போட்டார். 16ஆம் நூற்றாண்டு வேலை. நாம் இன்று பார்க்கும் அமைப்பு மதுரையில் இருந்த அதே அமைப்பு இல்லை, கிடைத்த கற்களை வைத்து ஊகமாய் நிறுத்தியதுதான். ஒரே மண்டபத்துக் கற்கள்கூட இல்லையாம். 2016இல் அந்தப் பிரிவையே புதுப்பித்துத் திறந்தார்கள். வெளிச்சமெல்லாம் அருமை.

ஆளுயரத்துக்கும் மேலே அனுமார், கருடன். மேலே பலகைகளில் ராமாயணக் காட்சிகள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, திருநீறு குங்குமம் கொட்டிய தடம் இல்லை. அனுமாருக்கு ஒரு துளி வெண்ணெய்கூட இல்லை. அதுதான் என்னமோ மாதிரி இருந்தது.

"திருடிட்டாய்ங்களாடா?" என்றான்.

"இல்லடா, காசு குடுத்து வாங்கியிருக்காங்க."

"அப்ப வித்தது யாரு?"

இதுக்குத்தான் பதில் சொல்ல முடியலை. ஸ்ரீபுரந்தான் நடராசர் கதை வேறு. கோயிலிலிருந்து களவு போய், ஆஸ்திரேலியாவின் தேசிய காட்சியகம் 2008இல் வாங்கி, 2014இல் நம்மிடம் திரும்ப வந்தார். அங்கே திருடன் உண்டு, வழக்கு உண்டு, கோபப்பட ஆள் உண்டு. இங்கே? கலைப்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவென்று இந்தியாவில் தனிச்சட்டம் வந்ததே 1947இல்தான். 1912இல் அந்தத் தூண்கள் நமக்கு வெறும் கல் குவியல். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கண்ணுக்குத்தான் அவை சிற்பமாய்த் தெரிந்திருக்கின்றன. வெள்ளைக்காரன் ஆட்சியில் நடந்த வியாபாரம், நியாயமான வியாபாரமா என்று கேட்கலாம்தான். கேட்க வேண்டும்தான். ஆனால் குவித்துப் போட்டது அவங்க இல்லையே.

இப்போ மட்டும் என்ன வாழுது? திருப்பணி என்ற பேரில் கல்வெட்டு மேலே மணலைப் பீய்ச்சி அடித்து மழுங்க வைத்ததை நம் தலைமுறையே பார்த்தது. பழைய தூணைப் பெயர்த்து மதிலோரம் சாய்த்துவிட்டு, தரைக்குப் பளபள டைல்ஸ் போடுகிறோம். அதுக்குக் கல்வெட்டில் உபயதாரர் பெயர் வேற! இதைச் சொன்னால் நண்பனுக்குக் கோபம். "அதுக்காக இவய்ங்க வச்சுக்கிறலாமா? ஊருல மழையில கெடந்தாலும் அது எங்க கல்லுடா" என்றான். அவன் சொல்வதும் தப்பில்லை. ஆனா அந்த மழையில் கிடந்திருந்தால் மிஞ்சியிருக்குமா என்று எனக்கு நம்பிக்கையில்லை. கார் நிறுத்துமிடம் வரைக்கும் சண்டை.

கடைசியில் அவன் ஷூவைக் கழற்றவில்லை. கருடனைப் பார்த்து லேசாய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டதை மட்டும் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது கோயிலில் வேறு பழைய கற்கள் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். மேலமாசி வீதிப் பக்கம் இருக்கிறவங்க யாராவது முந்திக்கிட்டா சொல்லுங்க மக்கா.